பழவேற்காட்டுக்கு ஒரு பேருந்துப் பயணம்

மத்தியதரைக் கடலின் வடகரையில், பிரெஞ்சு நாட்டின் நீஸ் நகரிலிருந்து இத்தாலியின் ஜெனோவா நகர் வரையில், ஒருபுறம் மலையும் மறுபுறம் கடலுமாகச் செல்லும் சாலை ஒன்று உண்டு. அதன் அழகைக் காண்பதற்கென்றே பல நாட்டு மக்கள் கூட்டங் கூட்டமாகப் பேருந்துகளில் ஏறிச் செல்கின்றனர். ஓரிடத்தில் பேருந்து சிறிது நேரம் நிற்கும், அனைவரும் இறங்கிப் படம் எடுத்துக்கொள்வர், மீண்டும் ஏறுவர். மாலையில் விடுதிக்குத் திரும்பும்போது நீலக்கடலும் வெண்மாளிகைகளும் அவர்கள் கண்ணில் நிற்கும். ஆனால் அந்தக் கரையில் வாழும் மக்கள் எதனை உண்டு வாழ்கிறார்கள், எதற்கு அஞ்சி வாழ்கிறார்கள் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திராது.

நான் அந்தக் கடற்கரைக்குச் சென்றவன் அல்லேன். நான் அறிந்த கடற்கரை, திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கெல்லையில் உள்ள பழவேற்காட்டுக் கடற்கரை. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் தலைமையாசிரியராகப் பணியாற்றிய காலத்தில், தை மாதந்தோறும் உயர்வகுப்பு மாணவர்களைப் பேருந்தில் அழைத்துக்கொண்டு அங்குச் சென்றுவருவது எனக்கு வழக்கமாயிருந்தது. அந்தப் பயணத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

மாணவச் செல்வங்களே, சுற்றுலா என்றவுடன் உங்கள் உள்ளம் துள்ளுவதை நான் அறிவேன். பாடப் புத்தகம் இல்லை, தேர்வு இல்லை, ஆட்டமும் பாட்டுமாக ஒரு நாள் கழியும். அந்த மகிழ்ச்சியைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் ஆசிரியர் பயிற்சி பெற்ற நாளில் எங்களுக்கு ஒன்று சொல்லித் தந்தார்கள்: சுற்றுலாவின் பயனில் ஒரு பங்கு புறப்படுவதற்கு முன்பு கிடைக்கிறது, ஒரு பங்கு வழியில் கிடைக்கிறது, மற்றொரு பங்கு திரும்பிய பின்பு கிடைக்கிறது என்று. பின்னாளில் இதன் உண்மையை அனுபவத்தில் கண்டுகொண்டேன்.

ஆகவே பயண நாளுக்குப் பதினைந்து நாட்கள் முன்னதாகவே வகுப்பறைச் சுவரில் மாவட்டப் படத்தை மாட்டிவிடுவோம். மாணவர்களை நான்கு குழுவாகப் பிரிப்போம். ஒரு குழு நீரைப் பற்றிய செய்திகளைத் திரட்டும். ஒரு குழு பறவைகளைப் பற்றி. ஒரு குழு பழைய வரலாற்றைப் பற்றி. ஒரு குழு மக்கள் செய்யும் தொழிலைப் பற்றி. ஒவ்வொரு மாணவரும் ஒரு கேள்வியையாவது குறிப்பேட்டில் எழுதிக்கொண்டுதான் பேருந்தில் ஏறவேண்டும். கேள்வியோடு செல்பவனுக்கே விடை கண்ணில் படும். கேள்வியில்லாமல் செல்பவனுக்குச் சாளரத்தின் வழியே மரங்கள் ஓடும்; அவ்வளவே.

கும்மிடிப்பூண்டியில் வண்டி புறப்படும்போது நாம் காண்பது சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளையும், இரும்பு ஏற்றிய லாரிகளையும். மாணவர்களில் பலருடைய தந்தையரும் தமையன்மாரும் அங்கே வேலை செய்பவர்கள். இரவு முறைப் பணி முடித்துத் திரும்பும் தந்தையைச் சாலையோரத்தில் கண்டு, பேருந்தினுள்ளிருந்தே கையசைத்த மாணவர்கள் உண்டு. நெடுஞ்சாலையில் தெற்கே வந்து, கவரப்பேட்டையைக் கடந்து, பொன்னேரியை அடைந்தால் காட்சி மாறுகிறது. நெல்வயல்கள் தோன்றுகின்றன. ஆரணியாறு குறுக்கிடுகிறது.

இந்த ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தச் சொல்வேன். ஆந்திர மாநிலத்து மலைப்பகுதியில் தோன்றி, ஊத்துக்கோட்டை வழியாக வந்து, பொன்னேரியைக் கடந்து, பழவேற்காட்டு ஏரியில் கலக்கும் ஆறு இது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். எனினும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்களில் கரை புரள ஓடும். ஓராண்டு, இவ்விடத்தில் நின்றபோது ஒரு மாணவன் என்னிடம் வந்து, “ஐயா, இந்த ஆற்றில் மேலே யார் எதைக் கொட்டினாலும் அது ஏரிக்குத்தானே போய்ச் சேரும்?” என்று கேட்டான். “ஆம், தம்பி” என்றேன். அவன் வேறொன்றும் கூறவில்லை. குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டான். புவியியல் பாடத்தை நான் ஓராண்டு நடத்தியிருந்தாலும், வடிநிலம் என்னும் சொல்லின் பொருளை அவனுக்கு அவ்வளவு தெளிவாக விளக்கியிருக்க முடியாது.

பொன்னேரியிலிருந்து கிழக்கே செல்லும் சாலையில், திருப்பாலைவனத்துச் சிவன் கோயிலைக் கண்டு வழிபட்டுச் செல்லலாம். அதற்கப்பால் மண்ணின் நிறம் மாறும், பனைமரங்கள் மிகும், காற்றில் உப்பின் மணம் கலந்து வரும். சிறிது தொலைவில் ஏரி கண்ணுக்குத் தெரியும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவே ஆனாலும், வேறோர் உலகத்தில் வந்திறங்கியது போன்ற உணர்ச்சி உண்டாகும்.

ஏரி என்று நாம் சொன்னாலும் இது மதுராந்தகம் ஏரியைப் போன்றதன்று. மழைநீரைத் தேக்கிய ஏரிக்குக் கரை உண்டு, மதகு உண்டு. இதற்கோ கடலே மதகு. அலைகள் பன்னெடுங்காலம் கொண்டுவந்து குவித்த மணல்மேடு, கடலின் ஒரு பகுதியைத் தனியே பிரித்து அடைத்துக்கொண்டது. அவ்வாறு உண்டானதே இந்தக் காயல். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்புநீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. தென்கோடியில் உள்ள சிறுபகுதியே தமிழ்நாட்டைச் சேர்ந்தது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. வடக்கிலிருந்து சுவர்ணமுகியும், மேற்கிலிருந்து காளங்கியும், தெற்கிலிருந்து ஆரணியும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உள்ளே வருகிறது. பரப்பு பல நூறு சதுர கிலோமீட்டர். ஆழமோ பெரும்பாலான இடங்களில் ஒரு மீட்டர் அளவே.

இவ்வளவு ஆழமற்ற நீரில் இத்தனை ஆயிரம் மக்கள் எவ்வாறு பிழைக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை இறாலின் வாழ்க்கையில் இருக்கிறது. பல வகை இறால்கள் கடலில் முட்டையிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவில் உள்ள அவற்றின் குஞ்சுகள், நீரோட்டத்தோடு முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வருகின்றன. உப்பும் நன்னீரும் கலந்த அந்த வெதுவெதுப்பான நீரில் உணவு மிகுதி. பெரிய மீன்களின் தொல்லை குறைவு. அங்கே வளர்ந்து, பருவம் வந்தவுடன் மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. ஏரி ஒரு தொட்டில் என்றால், முகத்துவாரம் அந்த வீட்டின் வாயில். வாயில் அடைபட்டால் தொட்டில் வெறுமையாகும்.

அந்த வாயில்தான் அடைபட்டுக்கொண்டே வருகிறது. அலை கொண்டுவரும் மணலை ஆற்றுவெள்ளம் தள்ளிக்கொண்டு போகவேண்டும். மழை குறைந்து, ஆறுகளில் வரும் நீரும் குறையும் ஆண்டுகளில் மணல் வாயிலை மூடிவிடுகிறது. அப்பொழுது இறாற்குஞ்சு உள்ளே வர வழியில்லை. படகு வெளியே போகவும் வழியில்லை. மணலைத் தோண்டித் திறந்தால் சில திங்களில் மீண்டும் மூடிக்கொள்ளும். முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்கவேண்டும் என்று மீனவ மக்கள் நெடுங்காலம் வேண்டி வந்தார்கள். அதற்கெனத் தடுப்புச்சுவர்கள் எழுப்பும் பணியைத் தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் மேற்கொண்டது.

இங்கே மத்தியதரைக் கடலை மீண்டும் நினைவுகூர்தல் பொருந்தும். வெனிஸ் நகரம் இத்தகைய காயல் ஒன்றின் நடுவே எழுந்த நகரம். மணல்திட்டுகளுக்கு இடையே மூன்று வாயில்களின் வழியாகக் கடல்நீர் அங்கே புகுகிறது. ஆறுகள் கொண்டுவரும் வண்டலால் காயல் தூர்ந்துபோகும் என்று அஞ்சிய வெனிஸ் மக்கள், பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரென்டா, பியாவே முதலிய ஆறுகளின் போக்கையே திருப்பிவிட்டார்கள். இக்காலத்தில், வெள்ளம் பெருகும்போது மூன்று வாயில்களையும் மூடித் திறக்கும் கதவுகளை அமைத்திருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டு முதல் அவை பயன்பட்டு வருகின்றன. உலகமே சென்று பார்க்கும் காயலுக்குக் கிடைத்த கவனம், இரு மாநிலங்களுக்கு இடையே கிடக்கும் நம் காயலுக்கும் கிடைக்கவேண்டும் அன்றோ?

பழவேற்காட்டு மக்களிடம் நாம் கற்றுக்கொள்ளவேண்டிய பாடம் ஒன்று உண்டு. அதற்குப் ‘பாடு’ என்று பெயர். ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே அளவில் கிடைப்பதில்லை. முகத்துவாரத்தை அடுத்த இடங்களில் மிகுதியாகக் கிடைக்கும். மற்ற இடங்களில் குறைவு. வல்லவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் எளியவன் என் செய்வான்? ஆகவே ஊரார் கூடி, வலை கட்டும் இடங்களை வரையறுத்து, சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இன்று வளம் குறைந்த இடம் பெற்றவனுக்கு முறை சுழன்று வரும்போது வளமான இடம் கிடைக்கும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இம்முறையைப் பல தலைமுறைகளாகப் போற்றி வந்துள்ளன. எழுதப்பட்ட சட்டம் இல்லை, காவலர் இல்லை, ஊர்ச்சொல் ஒன்றே காவல்.

இதைக் கேட்ட மாணவி ஒருத்தி, வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், “ஐயா, முறை மாறி ஒருவர் வலை கட்டிவிட்டால் என்ன செய்வீர்கள்?” என்று வினவினாள். அவர் சிரித்துக்கொண்டே, “நாளைக்கும் அவன் இந்தத் தண்ணியிலேதானே அம்மா இறங்கணும்!” என்றார். குடிமையியல் நூல்களில் பல பக்கங்களில் விளக்கப்படும் செய்தியை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

எனினும் உண்மையின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பாட்டில் பங்கு பெறாத மக்களும் ஏரிக்கரையில் உண்டு. இருளர் குடும்பத்தினர் இடுப்பளவு நீரில் இறங்கி, கையால் துழாவியே இறால் பிடிப்பர். வலையும் படகும் இல்லாத அவர்களுக்கு அதுவே பிழைப்பு. ஏரி வளமாயிருந்த நாளில் எல்லாருக்கும் இடமிருந்தது. வளம் குன்றக் குன்ற, யாருக்கு உரிமை என்னும் பிணக்குத் தோன்றுகிறது. இயற்கை மெலிந்தால் மனிதர்க்கிடையே உள்ள நேயமும் மெலியும் என்பதை மாணவர்கள் இங்கே கண்டார்கள்.

இனி, வரலாற்றுக் குழுவினர் பெரிதும் விரும்பும் இடத்துக்கு வருவோம். பழவேற்காடு ஒரு காலத்தில் உலக வணிகத்தில் பெயர் பெற்ற துறைமுகம். போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டிலேயே இங்குக் குடியேறினர். அவர்களுக்குப் பின் வந்த டச்சுக்காரர்கள் 1613ஆம் ஆண்டில் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரை முழுவதிலும் அவர்கள் நடத்திய வணிகத்துக்குப் பழவேற்காடே தலைமையிடமாக விளங்கியது. 1690ஆம் ஆண்டில் அந்தத் தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1824ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி, அடுத்த ஆண்டில் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இங்கிருந்து சென்ற கைத்தறித் துணிகள் கிழக்கிந்தியத் தீவுகளில் விரும்பி வாங்கப்பட்டன. அத்துணியைக் கொடுத்து அங்கே வாசனைப் பொருள்களை வாங்கினார்கள். நம் நெசவாளரின் விரல் வண்ணமே அந்த வணிகத்தின் முதலீடு.

கோட்டை இன்று மேடாகவும் முட்புதராகவும் கிடக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டமோ நன்றாகவே இருக்கிறது. அதன் நுழைவாயிலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும். சிறுவர்கள் அதைக் கண்டு முதலில் நகைப்பார்கள், பிறகு அமைதியாகிவிடுவார்கள். பிறந்த நாட்டைவிட்டு ஆயிரக்கணக்கான மைல் கடந்துவந்து, இந்த வெயிலிலும் உப்புக்காற்றிலும் மாண்டவர்களின் பெயர்கள் அங்கே கல்லில் அழகாகப் பொறிக்கப்பட்டுள்ளன.

அந்த இடத்தில் நான் மாணவர்களுக்கு மற்றொன்றையும் சொல்வது வழக்கம். பதினேழாம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் இந்தக் கரையை வாட்டிய காலத்தில், ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் விலைக்கு வாங்கப்பட்டு, பழவேற்காட்டுத் துறையிலிருந்து படேவியாவுக்கு அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டார்கள். படேவியா என்பது இன்றைய ஜகார்த்தா. வாங்கியவர்களுக்குக் கல்லறையும் கல்வெட்டும் உள்ளன. விற்கப்பட்டவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. வரலாறு படிக்கும் மாணவன், கல்லில் எழுதப்பட்டதை மட்டும் படித்தால் போதாது. எழுதப்படாமல் போனதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பிற்பகலில் பறவைக் குழுவினரின் முறை. மழைக்காலம் முடிந்து நீர் வடியத் தொடங்கும் நாட்களில், பூநாரைகள் இங்கே கூட்டமாக வந்து இறங்கும். தொலைவிலிருந்து நோக்கினால் நீரின் விளிம்பில் இளஞ்சிவப்புக் கோடு இழுத்தாற்போல் தோன்றும். வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் நுழைத்து, சேற்றையும் நீரையும் வடிகட்டி, நுண்ணுயிர்களையும் பாசியையும் உண்ணும். அவ்வுணவில் உள்ள நிறப்பொருளே அவற்றின் இறகுக்குச் சிவப்பைத் தருகிறது. ஆகவே பூநாரையின் நிறம் ஏரியின் நலத்தைக் கூறும் சான்று. கட்ச் வளைகுடாவை அடுத்த உவர்நிலத்தில் பூநாரைகள் பெருங்கூட்டமாகக் குஞ்சு பொரிக்கின்றன. பிரெஞ்சு நாட்டில், ரோன் ஆறு மத்தியதரைக் கடலில் கலக்கும் கமார்க் என்னும் சதுப்பிலும் இவ்வினப் பறவைகள் வாழ்கின்றன. கூழைக்கடாக்களையும் உள்ளான்களையும் நாரைகளையும் இங்கே காணலாம். பறவைகளைக் காணச் செல்பவர் ஆரவாரம் செய்தலாகாது. நாம் ஒருமுறை கைதட்டினால் அவை பறந்து காட்டும் காட்சி அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பறப்புக்கு அவை செலவிடும் ஆற்றல், நெடும்பயணத்துக்காகச் சேர்த்து வைத்தது.

அதே கரையிலிருந்து வடக்கே நோக்கினால் ஸ்ரீஹரிகோட்டா. 1971ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் ஒரு சிறு ரோகிணி ராக்கெட்டை ஏவித் தொடங்கிய நிலையம், 2023ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் சந்திரயான்-3 விண்கலத்தை நிலவுக்கு அனுப்பியது. ஒருபுறம் கையால் துழாவி இறால் பிடிக்கும் மனிதர். மறுபுறம் நிலவுக்குக் கலம் விடும் மனிதர். இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரே ஏரி.

படகில் ஏறவேண்டும் என்று மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கெஞ்சுவார்கள். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இங்கே சுற்றுலா வந்தோர் சென்ற படகு கவிழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அச்செய்தியைச் சொல்லி, மறுத்துவிடுவேன். முகம் வாடினாலும் கேட்டுக்கொள்வார்கள். ஏரி ஆழமற்றதுதான், ஆனால் முகத்துவாரத்தின் நீரோட்டம் ஆழத்தைக் கேட்டு இழுப்பதில்லை. பிள்ளைகளை நம்பி அனுப்பிய பெற்றோரிடம் எண்ணிக்கை குறையாமல் ஒப்படைப்பதே ஆசிரியனின் முதற்கடமை. காட்சி அதற்கு அடுத்தது.

திரும்பும் வழியில், வந்த சாலையை விட்டுத் தெற்கே கடலோரமாகச் சென்றால் காட்டுப்பள்ளியை அடையலாம். அங்கே துறைமுகம், அதனை அடுத்து 2001ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், இன்று காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது, வடசென்னை அனல்மின் நிலையம், 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். இவற்றைக் கண்டு முகம் சுளிக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நம் வீட்டு விளக்கு எரிவதும், இந்த வானொலி பேசுவதும் மின்சாரத்தால். நம் பகுதி இளைஞர் பலருக்குச் சோறு போடுவதும் தொழிலே.

ஆனால் கடலின் இயல்பை அறியாமல் கட்டினால் கடல் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி, அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டு செல்கின்றன. கடலுக்குள் நீட்டிக் கட்டும் தடுப்பு, அந்த மணலைத் தெற்கே நிறுத்திவிடும். வடக்கே உள்ள கரையை அலை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பின் தெற்கே மெரினாக் கடற்கரை அகன்றதும், வடக்கே இராயபுரத்துக் கரை தேய்ந்ததும் இதனாலேயே. காட்டுப்பள்ளிக்கு வடக்கே, கடலுக்கும் நீர்நிலைக்கும் இடையே உள்ள நிலம் குறுகியது. அங்கே எதைக் கட்டினாலும் பழவேற்காட்டுக் குப்பங்களை எண்ணிக் கட்டவேண்டும். எண்ணூர்க் கழியில் அனல்மின் சாம்பல் படிந்து மீன்வளம் குன்றிய செய்தியை நாடு அறியும். அதே நிலை பழவேற்காட்டுக்கு வரலாகாது.

இளைஞர்களே, உங்களில் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள்; சிலர் ஆலை நிருவாகிகள் ஆவீர்கள்; சிலர் அரசு அலுவலர் ஆவீர்கள். ஒரு படத்தின்மேல் கோடு இழுத்து, இங்கே சாலை, இங்கே கால்வாய், இங்கே கழிவுநீர்க் குழாய் என்று கையெழுத்திடும் அதிகாரம் உங்கள் கைக்கு வரும். அன்று அந்தப் படத்தில் ஏரி வெறும் நீலநிறமாகத் தெரியாமல், வலை சீர்செய்யும் ஒரு முதியவராகவும், இடுப்பளவு நீரில் நிற்கும் ஒரு தாயாகவும் தெரியவேண்டும். அதற்காகவே பள்ளிப் பருவத்தில் இந்தப் பயணம்.

பயணம் முடிந்த மறுவாரம் நான்கு குழுவினரும் தாம் கண்டதை எழுதிப் படிப்பார்கள். ஆற்றங்கரையில் என்னிடம் கேள்வி கேட்ட மாணவன், ஆரணியாறு செல்லும் வழியைப் படமாக வரைந்து, ஒவ்வோர் ஊரிலும் அதில் எது கலக்கிறது என்று எழுதத் தலைப்பட்டான். தனக்குத் தெரியாத இடங்களில் கேள்விக்குறி இட்டிருந்தான். அந்தப் படத்தை வகுப்பறைச் சுவரில் மாட்டினோம். அடுத்த ஆண்டு மாணவர்கள் சில கேள்விக்குறிகளை அழித்து விடை எழுதினார்கள்.

நீங்கள் எந்த ஊருக்குச் சென்றாலும், அது பழவேற்காடாயினும் சரி, மத்தியதரைக் கடற்கரையாயினும் சரி, மூன்று கேள்விகளைக் கையோடு கொண்டு செல்லுங்கள். இந்த நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது? இந்த நீரை நம்பி உண்பவர் யார்? நமக்கு முன் இங்கு வந்தவர்கள் எதைக் கொண்டுவந்தார்கள், எதை எடுத்துச் சென்றார்கள்? மூன்றுக்கும் விடை தேடிப் பேருந்திலிருந்து இறங்கி நடப்பவரே அந்த ஊரைக் கண்டவர் ஆவார்.